கண்ணாடிக்குள் கடலை அடைத்தவர்

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாமாண்டு)

திருமண மண்டபங்களிலும் நகைக் கடைகளிலும் மருத்துவர் வீட்டுத் திண்ணைகளிலும் கண்ணாடித் தொட்டிக்குள் மீன்கள் நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை குளத்து மீன்கள், நன்னீரில் வாழ்பவை. கடல் நீரை ஊற்றி, கடல் மீனை வளர்க்கும் வீடுகள் மிகச் சிலவே. பவளப் பாறைகளுக்கிடையே வாழும் மென்மையான வண்ண மீனை வளர்ப்போர் அதனினும் குறைவு. வாங்கியவன் மகிழ்ச்சி ஒரு வாரம், மீனின் ஆயுள் இரண்டு வாரம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது வேடிக்கையன்று, பல வீடுகளில் நடப்பதுதான்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் தாய்மாமன். எங்கள் ஊர் குளச்சல். மாமா பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர். சென்ற ஆண்டு வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, பாறை இடுக்குகளில் திரியும் வண்ண மீன்களை உயிரோடு பிடித்துத் தந்தால் எண்ணிக் காசு தருவதாகச் சொன்னார். மாமா பிடித்து வாளியில் போட்டு வைத்தார். மறுநாள் வியாபாரி வருவதற்குள் பாதிக்கு மேல் வயிறு மேலாக மிதந்தன. கடலில் பிடித்து, கடல் தண்ணீரிலேயே போட்டு வைத்த மீன் ஏன் சாக வேண்டும் என்று விலங்கியல் படிக்கும் மருமகனிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விடை தெரியாமல் விழித்தேன். சிறு வயதில் நானே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மஞ்சளும் கறுப்பும் வரி வரியாய் இருந்த குஞ்சு மீன் ஒன்றைப் போட்டு வைத்து, விடிந்ததும் அழுதவன்தான். விடை தேடி நூலகத்துக்குப் போனபோது கிடைத்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர்தான் பிலிப் ஹென்றி காஸ்.

காஸ் 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இங்கிலாந்தில் உஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் காஸ் ஊர் ஊராகச் சென்று சிறிய உருவப் படங்கள் வரைந்து கொடுத்துப் பிழைத்தவர். கலை இருந்தது, காசு இல்லை. குடும்பம் பூல் என்னும் துறைமுக ஊரில் குடியேறியது. மீன் வாடையும் கப்பல் கயிறும் உப்புக் காற்றும் நிறைந்த ஊர். குளச்சல்காரனுக்கு அந்த ஊரைக் கற்பனை செய்வது கடினமன்று.

அங்கே காஸுக்கு ஓர் அத்தை இருந்தார். பெயர் சூசன் பெல். கல்லூரிப் படிப்பில்லாத அந்த அம்மையார்தாம் கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியாக மாறுவதையும், துறைமுகச் சுவரில் சிவப்புக் கட்டிபோல் ஒட்டிக் கிடப்பது கடல் சாமந்தி என்னும் உயிர் என்பதையும் சிறுவனுக்குக் காட்டியவர். அதைப் பாத்திரத்தில் கடல் நீர் ஊற்றி வளர்த்துப் பார்க்கலாம் என்று சொன்னவரும் அவரே. அத்தையின் மகன் தாமஸ் பெல் பிற்காலத்தில் லின்னேயன் கழகத்தின் தலைவரானார். டார்வின், வாலஸ் இருவரின் இயற்கைத் தேர்வுக் கொள்கை 1858இல் அந்தக் கழகத்தில்தான் முதன்முதலாகப் படிக்கப்பட்டது.

காஸின் பள்ளிப் படிப்பு பதினைந்து வயதோடு முடிந்தது. வணிகக் கணக்கர் வேலை. 1827இல், பதினேழு வயதில், கடல் கடந்து நியூபவுண்ட்லாந்தில் உள்ள கார்பனியர் என்னும் மீன்பிடி ஊருக்கு அனுப்பப்பட்டார். காட் மீனும் சீல் தோலும் விற்கும் நிறுவனத்தில் எட்டாண்டுகள் பேரேடு எழுதினார். 1832இல் ஏலத்தில் ஒரு பழைய புத்தகம் வாங்கினார், நுண்பெருக்கியைப் பற்றியது. அன்று தொடங்கியதுதான் பூச்சிகளைப் பிடிப்பதும் வரைவதும். பின்னர் கனடாவில் நிலம் வாங்கி உழுதார், விளையவில்லை. 1838இல் அமெரிக்காவின் அலபாமாவில் சில மாதங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தார். அடிமை முறையின் கொடுமையைக் கண்டு மனம் வெறுத்து, மறு ஆண்டு கையில் காசின்றித் தாய்நாடு திரும்பினார். கப்பலில் வரும்போதே எழுதிய நூல் 1840இல் அச்சேறியது. எழுத்தாளர் ஆனார், ஆனாலும் வறுமை உடனே விலகிவிடவில்லை.

1844 முதல் 1846 வரை ஜமைக்காத் தீவில் பறவைகளைச் சேகரித்தார். அங்கே அவருக்கு உதவிய சாமுவேல் கேம்பல் என்னும் கறுப்பின இளைஞரின் பெயரையும் திறமையையும் தம் நூலிலேயே குறிப்பிட்டார். அந்நாளில் வெள்ளையர் எழுதிய நூல்களில் உள்ளூர் உதவியாளர் பெயரில்லாமல் மறைந்து போவதே வழக்கம். அந்த வகையில் காஸ் தனித்து நிற்கிறார்.

1848இல் தம்மினும் மூத்தவரான எமிலி போஸ் என்ற எழுத்தாளரை மணந்தார். இருவரும் மிகக் கண்டிப்பான கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கதைப் புத்தகம் கூட வீட்டுக்குள் வரக் கூடாது. 1849 செப்டம்பரில் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் மனைவி ஆண் குழந்தை பெற்றாள் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஜமைக்காவிலிருந்து பச்சை நிறத் தகைவிலான் ஒன்று வந்து சேர்ந்தது என்று எழுதியவர் காஸ்! இதைப் படித்து நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த மனிதருக்கு இரண்டுமே கடவுள் அனுப்பியவை.

இனித்தான் நம் பொருள் வருகிறது.

அளவுக்கு மீறிய உழைப்பால் உடல் நலம் கெட்டு, 1852இன் தொடக்கத்தில் காஸ் குடும்பத்தோடு டெவன்சயர் கடற்கரைக்குப் போனார். முதலில் செயின்ட் மேரிசர்ச், பின்னர் இல்பிரகூம். அங்கே கடல் வற்றும்போது பாறைகளின் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். ஒவ்வொரு குழியும் ஒரு சிறிய உலகம். சிவப்பும் பச்சையுமாகப் பாசி. அதன் நடுவே விரிந்த கடல் சாமந்தி. இறால், நண்டு, உளுவை போன்ற குட்டி மீன்கள். காஸ் இடுப்பளவு நீரில் இறங்கி, சுத்தியலும் உளியும் கொண்டு உயிர்களைச் சேகரித்தார். இவற்றை வீட்டில் உயிரோடு வைப்பது எப்படி என்பதே அவர் முன் நின்ற கேள்வி.

அவருக்கு முன்பே சிலர் முயன்றதுண்டு. பிரெஞ்சு நாட்டில் செருப்புத் தைப்பவரின் மகளாகப் பிறந்து, தாமே படித்து முன்னேறிய ஜான் வில்லப்ரூ பவர் என்னும் பெண்மணி 1832இல் சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டி செய்து கடல் உயிர்களை ஆராய்ந்தார். அன்னா தின் என்னும் பெண்மணி 1846இல் டார்க்கிக் கடற்கரையிலிருந்து பவள உயிர்களை ஜாடியில் இலண்டனுக்குக் கொண்டு வந்தார். கடல் நீர் கெடாமல் இருக்க நாள்தோறும் அரை மணிக்கு மேல், திறந்த சன்னலருகே நின்று நீரைப் பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றிக் கொண்டேயிருக்க வேண்டும். ஊற்றியவர் வீட்டு வேலைக்காரப் பெண். தேநீர்க் கடையில் ஆற்றுவதைப் போன்ற இந்த வேலையைச் செய்த அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆற்றுவதால் நீரில் காற்று கலக்கிறது. உயிர்கள் மூச்சு விடுகின்றன. இந்த வேலையைத் தாவரமே செய்யும் என்பதை வாரிங்டன் என்னும் வேதியியலார் 1850இல் நன்னீர்த் தொட்டியில் மெய்ப்பித்தார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசி ஏற்கிறது. பாசி வெளிவிடும் பிராண வாயுவை மீன் ஏற்கிறது. காஸ் இதையே கடல் நீரில் செய்து காட்டினார். எங்கே பலர் தவறினார்கள், அவர் எங்கே வென்றார் என்றால், கடற்பாசிக்கு வேர் இல்லை என்பதை அவர் மனத்தில் வைத்திருந்தார். தோட்டச் செடியைப் போலப் பிடுங்கி நட்டால் அது அழுகி, நீரையும் கெடுத்துவிடும். ஆகவே பாசி ஒட்டியிருக்கும் கல்லையே உளியால் பெயர்த்து எடுத்து, கல்லோடு தொட்டியில் வைத்தார். பாசிக்கு நேரம் கொடுத்து, நீர் தெளிந்த பின்னரே உயிர்களை விட்டார். நீர் ஆவியாகிக் குறைந்தால் கடல் நீரை ஊற்றாமல் நல்ல நீரை ஊற்ற வேண்டும். ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. சிறிய செய்திதான். ஆனால் இதை அறியாமல் மீனை உப்பில் ஊற வைத்துக் கொல்வோர் இன்றும் உண்டு.

1853 மே மாதம் இலண்டன் விலங்குக் காட்சி சாலையில் உலகின் முதல் பொதுமக்கள் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் காஸ் முதன்மையானவர். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'அக்குவேரியம்'. அதற்கு முன் இப்பொருளுக்கு வழங்கிய பெயர்கள் வாயில் நுழையாதவை. பழைய இலத்தீனில் இச்சொல் மாடு தண்ணீர் குடிக்கும் இடத்தைக் குறித்தது. மாட்டுத் தண்ணீர்த் துறையைக் கடல் அரண்மனையாக்கிய பெருமை காஸையே சேரும். 1909இல் சென்னை மெரினாக் கடற்கரையில், அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் திட்டமிட்ட இந்தியாவின் முதல் கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதன் மீது ஏறியதும் இதே சொல்தான்.

வேதியியல் மாணவ நண்பர்களுக்கு ஒரு செய்தி. கடலிலிருந்து தொலைவில் உள்ளவர் என்ன செய்வார் என்று எண்ணிய காஸ், 1854இல் செயற்கைக் கடல் நீரையே உண்டாக்கினார். பிரைட்டன் கடல் நீரைச் சுவைட்சர் என்பவர் பகுத்த கணக்கை எடுத்து, அதில் மிகச் சிறிய அளவில் உள்ளவற்றைத் தள்ளிவிட்டு, நான்கு உப்புகளை மட்டும் வைத்துக் கொண்டார். கலவை நூறு பங்கு என்றால் சமையல் உப்பு சுமார் 81, மக்னீசியம் குளோரைடு 10, எப்சம் உப்பு 7, பொட்டாசியம் குளோரைடு 2. நீரில் கரைத்து வடிகட்டி, சில நாள் பாசியை விட்டு வைத்து, பிறகு உயிர்களை விட்டார். அவை பிழைத்தன! சுண்ணாம்புச் சத்தை அவர் விட்டுவிட்டார். ஓடு கட்டும் உயிர்களுக்கும் பவளத்துக்கும் அது இன்றியமையாதது என்பதை நாம் அறிவோம். இருந்தாலும் இன்று கடைகளில் பொட்டலமாக விற்கும் கடல் உப்புக்கு இதுவே முன்னோடி.

ஆனால் காஸுக்கும் தெரியாத ஒன்று தொட்டிக்குள் நடந்து கொண்டிருந்தது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. கல்லிலும் மணலிலும் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டில் அவ்வளவு தீங்கில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகப் பல வாரங்கள் ஆகும். காஸ் கல்லோடு பாசியை வைத்தபோது, கல்லோடு வந்த கண்ணுக்குத் தெரியாத துப்புரவுப் பணியாளர்களையும் சேர்த்தே வைத்தார். மாமாவின் வாளியில் இருந்தது கடல் நீர்தான். ஆனால் அங்கே அந்தப் பணியாளர்கள் இல்லை, பாசி இல்லை, அலை இல்லை. இத்தனை மீனுக்கு அந்த நீரில் இருந்த பிராண வாயு போதவும் இல்லை. வெயிலில் நீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். பிடிக்கும்போது கை பட்டு மேல் வழுவழுப்பு உரிந்திருந்தால் நோய் எளிதில் தொற்றும். எனக்குக் கிடைத்த விடை இதுதான். பவளத்தின் மொட்டுகளைத் தவிர வேறெதையும் தின்னாத வண்ணத்துப்பூச்சி மீன் வகைகளும் உண்டு. அவற்றை எவ்வளவு தூய நீரில் வைத்தாலும் பட்டினியால் சாகும்.

காஸின் கதைக்கு வருவோம். அவர் நூலில் இருந்த வண்ணப் படங்கள் இங்கிலாந்தைக் கிறுக்குப் பிடிக்க வைத்தன. 1845இல் கண்ணாடி வரி நீங்கியிருந்ததால் கண்ணாடி மலிவு. இரயில் பாதை கடற்கரை வரை போயிருந்தது. கடல் நீரும் கடல் சாமந்தியும் இலண்டன் கடைகளில் விலைக்கு வந்தன. வரவேற்பறையில் கடல் தொட்டி இல்லாத வீடு நாகரிகமற்ற வீடு என்றாயிற்று. காஸே கடற்கரையில் வகுப்பு நடத்தினார். சீமான்களும் சீமாட்டிகளும் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் பாறை ஏறினார்கள். 1856இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். பதினைந்து வயதில் பள்ளியை விட்ட கணக்குப்பிள்ளை!

அதே ஆண்டில் எமிலிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. கத்தி வைக்காமல் களிம்பிட்டுக் குணப்படுத்துவதாகச் சொன்ன ஒரு மருத்துவரிடம் போனார்கள். பல மாதங்கள் கொடிய வேதனை. 1857 பிப்ரவரியில் எமிலி இறந்தார். எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது.

துக்கத்தோடு துக்கமாக, அந்த ஆண்டின் இறுதியில் காஸ் வெளியிட்ட நூல் அவருக்குப் பெருந்தோல்வியைத் தேடித் தந்தது. பூமி மிகப் பழையது என்று பாறைகளும் புதைபடிவங்களும் சொல்கின்றன. வேதம் வேறு சொல்கிறது. இரண்டையும் பொருத்த முயன்ற காஸ், ஆதாம் தாயின்றிப் படைக்கப்பட்டும் தொப்புளோடு இருந்ததுபோல, பூமியும் பழமையின் தழும்புகளோடேயே படைக்கப்பட்டது என்று வாதிட்டார். அறிவியலாரும் ஏற்கவில்லை, பாதிரிமாரும் ஏற்கவில்லை. கடற்கரை ஆய்வில் அவருக்கு நண்பரான கிங்ஸ்லி பாதிரியாரே கைவிட்டார். கண்ணால் கண்டதை வரி பிசகாமல் எழுதிய ஒருவர் இங்கே ஏன் தடுமாறினார் என்று நான் வியக்கிறேன். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

மகனை அழைத்துக்கொண்டு செயின்ட் மேரிசர்ச்சில் குடியேறினார். தந்தையும் மகனும் நாள்தோறும் பாறைக் குழிகளைத் தேடிப் போனார்கள். பிரிட்டிஷ் கடல் சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய அவருடைய பெருநூல் 1860இல் நிறைவுற்றது. சிறுவன் எட்மண்டே அந்நாட்டில் முன்பு அறியப்படாத ஒரு கடல் சாமந்தியைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். நாம் திரைப்படத்தில் பார்த்து மகிழ்ந்த கோமாளி மீன் வெப்பக் கடல்களில் இந்தக் கடல் சாமந்தியின் உறவினத்துக்குள்தான் வீடு கட்டி வாழ்கிறது. மற்ற மீன்களைக் கொட்டும் அதன் கைகள் கோமாளி மீனைக் கொட்டுவதில்லை.

ஆனால் குழிகள் வெறுமையாகிக் கொண்டிருந்தன. காஸின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, காஸ் சொன்ன உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். ஒருவர் ஒரு சாமந்தியை எடுத்தால் கேடில்லை. நூறு பேர் கூடை கூடையாக எடுத்தார்கள்; பாதி இரயிலிலேயே செத்தது; செத்ததற்குப் பதில் மறுபடி வந்து எடுத்தார்கள். கல்லைப் பெயர்த்ததால் அடுத்த தலைமுறை ஒட்டிக்கொள்ள இடமும் இல்லாமல் போயிற்று. யாரும் தொடாமல் நெடுங்காலம் இருந்த அந்த அழகு சில ஆண்டுகளில் குலைந்தது. அதைக் கண்ட காஸ் மிகவும் வருந்தினார். மக்களுக்குக் கடவுளின் படைப்பைக் காட்டவே எழுதியவர், தம் எழுத்தே அதை அழிக்கக் கண்டார். மகன் எட்மண்ட் பெரிய எழுத்தாளராகி, 1907இல் தந்தையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் இந்த அழிவை மனம் நொந்து குறித்திருக்கிறார்.

காஸ் 1860இல் எலிசா பிரைட்வென் அம்மையாரை மறுமணம் செய்து கொண்டார். பின்னர் ஆர்க்கிட் செடிகளும் நுண்பெருக்கியுமாக அமைதியாக வாழ்ந்தார். ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர்களைப் பற்றி ஹட்சன் என்பவரோடு சேர்ந்து 1886இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். தலையில் சக்கரம் சுழல்வதுபோலத் தோன்றும் அந்த உயிர், ஒரு மில்லிமீட்டர் நீளமும் இருக்காது. முதுமையிலும் குளிர்கால இரவுகளில் சன்னலைத் திறந்து வைத்துத் தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்ததில் உடல் நலிந்தது. 1888 ஆகஸ்ட் 23ஆம் நாள் காலமானார்.

அந்த ரோட்டிபரால் என்ன பயன் என்று அவரே அறிந்திருக்க மாட்டார். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். ஆண் மீன் முட்டைகளைக் காவல் காத்து, துடுப்பால் விசிறிக் கொண்டேயிருக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிக்கும் குஞ்சின் வாய்க்குள் நுழையக்கூடிய முதல் உணவு ரோட்டிபர்தான். தொட்டியில் பிறந்த மீன் தொட்டி நீருக்கும் தரும் உணவுக்கும் பழகியது. பாறையிலிருந்து பிடித்ததைப்போல எளிதில் சாவதில்லை. பாறையும் வெறுமையாவதில்லை. ஆனால் உலகச் சந்தையில் விற்கும் கடல் வண்ண மீன்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவையே. சில நாடுகளில் சயனைடு நஞ்சைத் தெளித்து மயக்கிப் பிடிக்கிறார்கள். அது பவளத்தையும் கொல்கிறது. நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்களையும் கடற்குதிரைகளையும் எடுப்பதை 2001இல் வனவிலங்குச் சட்டம் தடை செய்துவிட்டது. வண்ண மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய காவல் இல்லை.

இவற்றையெல்லாம் ஒரு மாலை, கடப்புறத்தில் உட்கார்ந்து மாமாவிடம் சொன்னேன். வாளியில் மீன் செத்த காரணத்தைக் கேட்டுத் தலையாட்டினார். டெவன்சயர்ப் பாறைகளிலும் சிப்பி உண்டா என்று கேட்டார், உண்டு என்றேன். நீண்ட நேரம் பேசாமலிருந்தார். பிறகு, சிப்பி கிடைக்காத மாதங்களில் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்றார். அதற்கு என் புத்தகத்தில் விடையில்லை. அந்த வியாபாரி இன்னும் வந்து போகிறார். மாமா இப்போது விழிஞ்ஞத்தில் குஞ்சு வளர்ப்பதை நேரில் பார்க்க வேண்டும், வீட்டுப் பின்புறத்தில் தொட்டி கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும் என்கிறார். பேருந்தில் போய் வரும் தொலைவுதான். பருவத் தேர்வு முடிந்த மறுநாள் காலை கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.